இன்ஜின் வேலையில் கழுவவும் அளக்கவும் கூலி வேண்டும்

2015 செப்டம்பரில் ஹூண்டாய் நிறுவனம், அமெரிக்காவில் விற்ற சொனாட்டா கார்களில் ஏறக்குறைய 4,70,000 கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுபோகும் அபாயம் அவற்றில் இருந்தது. அதற்கான காரணத்தை நிறுவனமே சொன்னது. அலபாமா ஆலையில் கிராங்க்ஷாஃப்ட்டில் எண்ணெய்த் துளை போட்டபோது உதிர்ந்த உலோகத் துகள்கள் முழுதாக அகற்றப்படவில்லை. துளைக்குள் தங்கிவிட்ட துகள்கள் எண்ணெயோடு கலந்து, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கான்ராடின் பேரிங்கைச் சேர்ந்தன. எண்ணெய் ஓட்டம் தடைப்பட்டது, பேரிங் தேய்ந்தது, இன்ஜின் தட்ட ஆரம்பித்தது, கடைசியில் நின்றது. 2017இல் அதே குடும்பத்து இன்ஜின்களுக்காக ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் மேலும் 12 லட்சத்தை ஒட்டிய வாகனங்களைத் திரும்ப அழைத்தன. இந்த அழைப்புகளை உரிய நேரத்தில் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டில், 2020 நவம்பரில் அமெரிக்க அரசுடன் இரு நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின் மதிப்பு 21 கோடி டாலர்.

இது ஒரு நிறுவனத்தோடு முடியவில்லை. 2024 மே மாதம் டொயோட்டா, இன்ஜினுக்குள் கடைசல் துகள் தங்கியிருக்கலாம் என்பதற்காக டண்ட்ரா, லெக்ஸஸ் வாகனங்கள் சுமார் ஒரு லட்சத்தை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் ஏறக்குறைய 6 லட்சம் வாகனங்களுக்கு அதே அறிவிப்பை வெளியிட்டது. கிராங்க்கிலும் கான்ராடிலும் உள்ள எண்ணெய் வழிகளில் படிந்த கசடு, கிராங்க்கின் அளவும் மேற்பரப்பும் வரம்புக்குள் இல்லாதது ஆகியவை அங்கே காரணங்களாகச் சொல்லப்பட்டன.

மூன்று நிகழ்விலும் குறை வடிவமைப்பிலோ உலோகத்தின் வலிமையிலோ இல்லை. கழுவியதில் குறை, அளந்ததில் குறை. பல்லாயிரம் கோடி ரூபாய் இயந்திரங்களும் ஆய்வுக்கூடங்களும் உள்ள ஆலைகளிலேயே இந்த இரண்டு வேலையும் தவறினால் விளைவு இப்படி இருக்கிறது. அப்படியிருக்க, நாமக்கல்லில் லாரி இன்ஜினையும் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி இன்ஜினையும் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினையும் இறக்கி வேலை பார்க்கும் பட்டறைகளில் இந்த இரண்டு வேலைக்கும் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? வேலை முடிந்து உரிமையாளரின் கைக்கு வரும் ரசீதில் பிஸ்டன் இருக்கும், ரிங் இருக்கும், பேரிங் செட், கேஸ்கெட், கிரைண்டிங் கூலி, ஃபிட்டிங் கூலி எல்லாம் இருக்கும். கிராங்க்கைக் கழுவியதற்கும் அளந்ததற்கும் தனியாக ஒரு வரி இருப்பது அபூர்வம். கூலி இல்லாத வேலைக்கு நேரமும் இருக்காது. தமிழ்நாட்டில் இன்ஜின் வேலை பார்ப்பவர்களும் பார்க்கக் கொடுப்பவர்களும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய வழக்கம் இது.

எண்ணெய் தூக்கிப் பிடிக்கும் பாரம்

கிராங்க்கும் பேரிங்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுழல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில், ஸ்டார்ட் ஆகும் கணமும் நிற்கும் கணமும் போக, இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவில் ஓர் எண்ணெய்ப் படலம் நிற்கிறது.

இதைக் கண்டறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் பீச்சம் டவர். 1883 வாக்கில் ரயில் அச்சுகளின் பேரிங் உராய்வை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பு அடித்தார், அதுவும் தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங் தாங்கிய சராசரி அழுத்தத்தைப் போல இரு மடங்கைத் தாண்டி முள் ஓடியது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, அந்த எண்ணெயின் அழுத்தத்தின் மீது மிதக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இதற்கான கணிதத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பு அந்தச் சமன்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

அந்தப் படலம் தாங்கும் பாரம் சாதாரணமானது அல்ல. 104 மி.மீ. விட்டமுள்ள ஒரு டீசல் சிலிண்டரில் எரிப்பின் உச்ச அழுத்தம் 120 பார் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் தலையில் விழும் விசை 10 டன்னைத் தொடும். அது கான்ராட் வழியே இறங்கி, கான்ராட் பிடித்திருக்கும் கிராங்க்பின்னைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் படலத்தின் மீது அமர்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஒரு சிலிண்டரில் மட்டும் நிமிடத்துக்கு 1,000 முறை இந்த அடி விழும். பாரம் உச்சத்தில் இருக்கும்போது படலத்தின் கனம் சில மைக்ரான் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். கிரைண்டிங் கல்லிலிருந்து உதிர்ந்த ஒரு பொடி அந்தப் படலத்தைவிடப் பெரியது என்றால், அது பேரிங்கில் என்ன செய்யும் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பேரிங்கின் மேற்பரப்பு மென்மையான உலோகமாக இருப்பதும் இதற்காகத்தான். 1839இல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் வெள்ளீயம், ஆன்ட்டிமனி, செம்பு கலந்து உருவாக்கிய உலோகத்தை நம் பட்டறைகளில் ஒயிட் மெட்டல் என்கிறார்கள். இன்றைய பேரிங் ஓடுகளுக்கு எஃகு முதுகு, அதன் மேல் செம்பு-ஈயம் அல்லது அலுமினியம்-வெள்ளீயக் கலவை, பலவற்றில் அதற்கும் மேல் 20 மைக்ரான் அளவில் ஒரு மெல்லிய பூச்சு. கோயம்புத்தூரில் பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தயாரிப்பவை இத்தகைய ஓடுகளே. நுண்ணிய தூசு வந்தால் அதைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு கிராங்க்கைக் காப்பாற்றுவது அந்த மென்மையான பூச்சின் வேலை. ஆனால் 20 மைக்ரான் பூச்சுக்குள் 20 மைக்ரானுக்கு உட்பட்ட தூசுதான் புதையும். அதைவிடப் பெரியது வெளியே நீட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க்கைக் கீறும்.

ஓடுகள் சொல்லும் சேதி

இன்ஜினைப் பிரித்ததும் பழைய பேரிங் ஓடுகளைக் கழிவு டப்பாவில் வீசுவது பெரும் நஷ்டம். அந்த இன்ஜினுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கான முதல் சாட்சி அவைதான். நல்ல மெக்கானிக் ஒவ்வொரு ஓட்டையும் எந்தச் சிலிண்டர், மேல் ஓடா கீழ் ஓடா என்று பின்புறம் குறித்து, ஒரு பலகையில் வரிசையாக அடுக்கி வைப்பார். அடுக்கிய பிறகு பத்து நிமிடம் அவற்றைப் பார்த்தாலே போதும்.

ஓடு முழுக்க ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம் என்றால் அது நியாயமாக உழைத்துத் தேய்ந்திருக்கிறது. கான்ராடில் மேல் ஓடும் மெயின் பேரிங்கில் கீழ் ஓடும் எரிப்பின் அடியை நேரடியாக வாங்குவதால் அவை கூடுதலாகத் தேய்ந்திருப்பது இயல்பு. சுற்று வாக்கில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் எண்ணெயில் அழுக்கு வந்திருக்கிறது. நடுவில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மேல்பூச்சு போய்விட்டது. ஒரு ஓட்டின் இடது விளிம்பும் அதன் ஜோடியின் வலது விளிம்பும் மட்டும் தேய்ந்திருந்தால் கான்ராட் வளைந்திருக்கக்கூடும். கறுத்து, நீலம் பாரித்து, உலோகம் இழுபட்டிருந்தால் எண்ணெய் வரத்து நின்றிருக்கிறது. மேற்பரப்பில் சிறு சிறு செதில்களாகப் பெயர்ந்திருந்தால் உலோகம் அலுத்துப்போயிருக்கிறது.

ஓட்டின் முதுகையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு புள்ளி மட்டும் பளபளவென்று மின்னினால், போன முறை மாட்டும்போது ஓட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு தூசு சிக்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் புள்ளிக்கு நேர் உள்பக்கம் ஓடு மேடாகி, எண்ணெய் இடைவெளி குறைந்து, அந்த இடம் சூடேறி முதலில் தேய்ந்திருக்கும். ஒரு துடைப்பில் போயிருக்க வேண்டிய தூசுக்கு ஓர் இன்ஜின் விலையாகப் போகும் இடம் இது.

ஓட்டுநரின் பழக்கம்கூட இங்கே பதிவாகியிருக்கும். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பவை திரஸ்ட் வாஷர்கள். கிளட்ச் பெடலில் எப்போதும் காலை வைத்தபடி வண்டி ஓட்டினால், அந்த அழுத்தம் முழுவதும் ஒரு பக்கத்துத் திரஸ்ட் வாஷரில் இறங்கும். ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் இருந்தால், வாஷரை மாற்றுவதோடு ஓட்டுநரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கழுவுவது என்றால் என்ன?

பெரும்பாலான இடங்களில் கழுவுவது என்பது ஒரு தட்டில் டீசல் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைப்பது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலால் மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் கையைத் துடைக்கவும் தரையைத் துடைக்கவும் அருமையான பொருள். கிராங்க்கின் எண்ணெய்த் துளை அருகே அதைக் கொண்டு போகக் கூடாது. அதிலிருந்து பிரியும் நூலிழை துளையின் விளிம்பில் சிக்கி உள்ளே போனால், புது இன்ஜினின் முதல் நிமிடத்திலேயே எண்ணெய் வழியை மறிக்கலாம். இழை பிரியாத துணிதான் அந்த இடத்துக்கு ஏற்றது.

கிராங்க்கின் வெளிப்புற அழுக்கு கண்ணுக்குத் தெரியும், அதனால் யாரும் விட மாட்டார்கள். ஆபத்து உள்ளே இருக்கிறது. மெயின் பேரிங்குக்குள் சுழலும் பகுதியான மெயின் ஜர்னலிலிருந்து கிராங்க்பின்னுக்கு, கிராங்க்கின் உடலுக்குள்ளேயே சாய்வாக எண்ணெய் வழி துளைக்கப்பட்டிருக்கும். சில கிராங்க்குகளில் அந்த வழியின் வாய் சிறு பிளக்கால் அடைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிளக்கைக் கழற்றாமல் கழுவினால் கழுவியதாகவே கணக்கில்லை. பழைய டிரயம்ஃப் இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களின் கிராங்க்குக்குள் கசடைச் சேர்ப்பதற்கென்றே ஒரு குழல் வைத்திருந்தார்கள். சுழற்சியின் விசையில் எண்ணெயிலுள்ள கனமான அழுக்கு அதன் ஓரத்தில் ஒதுங்கி, ஆண்டுக்கணக்கில் இறுகி, களிமண்போல் அடைந்துவிடும். இன்ஜினைப் பிரித்தவர் அதைத் திறந்து சுத்தம் செய்யாமல் மூடினால், புதுப் பேரிங்குக்கு எண்ணெய் கிடைக்காது.

முறையான கழுவலுக்குப் பெரிய செலவு கிடையாது. பிளக்குகளைக் கழற்ற வேண்டும். கரைப்பானில் ஊறவிட வேண்டும். துளையின் அளவுக்கு ஏற்ற நீண்ட நைலான் பிரஷை ஒரு வாயில் விட்டு மறு வாயில் எடுக்க வேண்டும், பிரஷ் சுத்தமாக வெளிவரும்வரை. அதன் பிறகு சூடான சோப்பு நீரில் ஒரு முறை. கிரைண்டிங் பொடி எண்ணெயோடும் டீசலோடும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், சோப்பு நீர்தான் அதைத் தூக்கி வெளியே கொண்டுவரும். பிறகு கம்ப்ரஸர் காற்றால் ஒவ்வொரு துளையையும் ஊத வேண்டும். உலர்ந்த உடனே, துரு பிடிக்கும் முன், எண்ணெய் தடவிச் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைக்க வேண்டும். பொறுமையாகச் செய்தாலும் அரை நாளுக்குள் முடியும் வேலை.

இந்த வேலை தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. மெக்கானிக் பட்டறை வேறு, கிராங்க் கிரைண்டிங் செய்யும் பட்டறை வேறு. கிராங்க் சாக்கில் கட்டி அங்கே போகிறது, கடைசல் முடிந்து சாக்கிலேயே திரும்பி வருகிறது. கிரைண்டிங் செய்தவர், மாட்டுகிறவர் கழுவிக்கொள்வார் என்று நினைக்கிறார். மாட்டுகிறவர், அவர்கள் கழுவித்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறார். பளபளவென்று மின்னும் ஜர்னலைப் பார்த்தவுடன் இருவருக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. துளைக்குள் இருக்கும் பொடி யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் இன்ஜினுக்குள் ஏறுகிறது. கழுவும் கூலி ஒருவருடைய ரசீதில் எழுதப்பட்டிருந்தால் பொறுப்பும் அவருடையதாகிவிடும்.

கைக்குத் தெரிவதும் தெரியாததும்

'அண்ணே, கிராங்க் அருமையா இருக்கு, பேரிங்கை மட்டும் மாத்திடலாம்' என்று ஒரு மெக்கானிக் சொல்லும்போது, பெரும்பாலும் அவர் விரல் நகத்தை ஜர்னலின் குறுக்கே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். அந்தச் சோதனையைக் குறைத்து மதிப்பிட முடியாது. பழகிய நகம் மிகச் சிறிய கீறலில்கூட இடறும். கிராங்க்கைத் தொங்கவிட்டுச் சுத்தியால் மெல்லத் தட்டி, மணிபோல் நீண்டு ஒலிக்கிறதா, மொத்தையாக அடங்குகிறதா என்று கேட்டு விரிசலைச் சந்தேகிப்பதும் நெடுங்கால அனுபவம் தந்த அறிவுதான்.

ஆனால் எந்த விரலுக்கும் தெரியாத தேய்மானம் ஒன்று உண்டு. எரிப்பின் அடி ஒவ்வொரு முறையும் கிராங்க்பின்னின் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் விழுவதால், பின் வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவில் தேயும். எடுத்துக்காட்டாக, புதிதில் 65.00 மி.மீ. இருந்த ஒரு பின் இப்போது ஒரு திசையில் 64.98, அதற்குக் குறுக்கே 64.93 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பு கண்ணாடிபோல் மழமழவென்று இருக்கும், நகம் இடறாது. வித்தியாசமோ 0.05 மி.மீ. எண்ணெய் இடைவெளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தப் பின்னுக்கு அது 0.065 மி.மீ. இடைவெளியே அவ்வளவுதான் என்னும்போது, வடிவத்திலேயே 0.05 கோணல் இருந்தால் புதுப் பேரிங் அதில் எத்தனை நாள் தாங்கும்? இரு முனைகளுக்கு இடையே விட்டம் குறைந்துகொண்டே போகும் சரிவும் இதே போலக் கைக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டிய கருவி, 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர். ஒவ்வொரு ஜர்னலிலும் இரு முனைகள், ஒவ்வொரு முனையிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரு திசைகள், ஆக நான்கு அளவு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் பெரும்பாலும் ஐந்து மெயின், நான்கு பின் என்று ஒன்பது ஜர்னல், 36 எண்கள். ஆறு சிலிண்டர் என்றால் பதிமூன்று ஜர்னல், 52 எண்கள். தொடங்கும் முன் மைக்ரோமீட்டரின் பூஜ்யத்தைச் சரிபார்த்து, கிராங்க் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தாளில் எல்லாம் எழுதப்பட்டுவிடும். கிராங்க்கை வி-பிளாக்கில் கிடத்தி, நடு ஜர்னலில் டயல் கேஜை வைத்துச் சுற்றினால் வளைவு தெரியும். பேரிங் மூடிகளான கேப்களை அவற்றுக்குரிய இறுக்கத்தில் டார்க் ரெஞ்ச்சால் பூட்டிய பிறகு இடைவெளியைச் சோதிக்க பிளாஸ்டிகேஜ் இருக்கிறது. மெழுகு நூல் போன்ற அதன் துண்டை ஜர்னலின் மேல் வைத்து, கிராங்க்கைச் சுற்றாமல் கேப்பை இறுக்கித் திறந்தால், நூல் எவ்வளவு அகலத்துக்கு நசுங்கியிருக்கிறது என்பதை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டு இடைவெளியைச் சொல்லிவிடலாம்.

எண்கள் கையில் இருந்தால்தான் முடிவு சரியாக இருக்கும். அளவு வரம்புக்குள் என்றால் மெருகு மட்டும் போதும், வீணாகக் கிரைண்டிங் செய்து கிராங்க்கின் ஆயுளைக் குறைக்க வேண்டாம். வரம்பைத் தாண்டியிருந்தால் 0.25, 0.50 மி.மீ. என்று அடுத்த குறைந்த அளவுக்கு, அதாவது அண்டர்சைஸுக்கு, கிரைண்டிங் செய்ய வேண்டும். எமரி பேப்பரைக் கையில் சுற்றித் தேய்த்துச் சமாளிப்பது கோணலை இன்னும் கூட்டும். நைட்ரைடிங் செய்த கிராங்க் என்றால் கடினமான தோல் மில்லிமீட்டரின் ஒரு பகுதிதான், கிரைண்டிங்கில் அது போனால் மீண்டும் கடினப்படுத்தாமல் மாட்டக் கூடாது. ஜர்னல் பக்கச் சுவரோடு சேரும் மூலையில் உள்ள வளைவை நிறுவனம் சொன்ன அளவிலேயே காப்பாற்ற வேண்டும். அந்த மூலை கூர்மையானால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும், பல மாதம் கழித்துக் கிராங்க் இரண்டாக முறியும்.

விரிசலைப் பார்ப்பதற்கும் வழி உண்டு. 1920களில் அமெரிக்காவின் வில்லியம் ஹோக், காந்தப் பிடியில் வைத்துக் கடைந்த இரும்புத் துண்டுகளில், கிரைண்டிங் பொடி விரிசலின் கோட்டிலேயே போய் ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். கிராங்க்கைக் காந்தமேற்றி, நுண்ணிய இரும்புப் பொடியைத் தூவி விரிசலைக் கண்டுபிடிக்கும் இன்றைய முறைக்கு அதுவே தொடக்கம். அந்த வசதி இல்லாத இடத்தில் ரயில்வே பட்டறைகளின் பழைய முறை இருக்கிறது. மெல்லிய எண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசினால், விரிசலுக்குள் இருக்கும் எண்ணெய் வெள்ளைப் பூச்சில் கோடாகக் கசிந்து வரும். இவையும் கிராங்க் சுத்தமாக இருந்தால்தான் பலன் தரும்.

செலவு யாருடையது?

இதற்கு எதிராகப் பட்டறைக்காரர்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் இருக்கிறது. கழுவவும் அளக்கவும் ஒரு நாள் எடுத்துக்கொண்டால் அந்த நாளுக்கான கூலியை வண்டிக்காரர் கொடுப்பதில்லை. 'பக்கத்துப் பட்டறையில் இரண்டு நாளில் முடித்துத் தருகிறார்கள்' என்கிறார். வண்டிக்காரரின் நெருக்கடியும் உண்மையானது. லாரி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகிறது, தவணை மட்டும் நிற்பதில்லை. இரண்டு பேருமே நியாயமாக நடந்துகொள்ள விரும்பினாலும், நேரத்தைக் குறைத்துத் தருபவருக்கே வேலை கிடைக்கும் என்ற போட்டி கழுவுவதையும் அளப்பதையும் வெளியே தள்ளிவிடுகிறது.

அதனால்தான் இதை மெக்கானிக்கின் மனசாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது. கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு செட் பேரிங்கின் விலையைப் போலப் பல மடங்கு கிராங்க்கின் விலை. துகளோடு மாட்டிய இன்ஜின் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி தட்டினால், இரண்டாவது முறை பேரிங், கிரைண்டிங், கூலி எல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டும், வண்டியும் மறுபடி நிற்கும். காப்பீடு இதற்குக் கை கொடுக்காது. இந்தியாவின் வழக்கமான மோட்டார் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்கப்பட்டவை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கழுவி அளப்பதற்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலிதான் இன்ஜின் வேலையில் ஆகக் குறைந்த செலவு.

எழுதித் தரும் அளவுத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. இன்ஜின் மறுபடி பழுதானால் குறை கிரைண்டிங்கிலா, பேரிங்கிலா, மாட்டியதிலா என்பதைத் தீர்மானிக்க அதுதான் ஆதாரம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த சேவைக்கு ரசீது தராமல் இருப்பதை முறையற்ற வணிகம் என்று வகைப்படுத்துகிறது. சொந்தப் பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் ஒரு வண்டியை ஓட்டுபவரும் அச்சட்டத்தில் நுகர்வோர்தான். நேர்மையான பட்டறைக்கும் இந்தத் தாள் பாதுகாப்பு. சரியாக அளந்து மாட்டிய பிறகு, எண்ணெய் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டி இன்ஜினைக் கெடுத்தவர் வந்து சண்டை போட்டால், காட்டுவதற்குக் கையில் எண்கள் இருக்கும்.

அரசின் பங்கும் இதில் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டு, மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு. கிராங்க்கை அளப்பது இந்தப் பாடங்களில் வருகிறது. அங்கே மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பழகிய இளைஞர், பட்டறைக்கு வந்ததும் அந்தக் கருவியே இல்லாத சூழலில் ஓரிரு ஆண்டில் அந்தப் பழக்கத்தை இழக்கிறார். சிறு பட்டறைகளுக்கான கடன் திட்டங்களில் மைக்ரோமீட்டர், போர் கேஜ், டயல் கேஜ், சுடுநீர் வாஷிங் தொட்டி ஆகியவற்றையும் மானியத்துக்குரிய கருவிகளாகச் சேர்க்கலாம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் வெளியே இன்ஜின் வேலை கொடுக்கும்போது, அளவுத் தாள் இல்லாமல் பணம் பட்டுவாடா செய்வதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால், தனியார் பட்டறைகளும் தாமாக அந்த வழிக்கு வரும்.

இறக்கும்போது கேட்க வேண்டியவை

இந்தப் பேச்சு எல்லோரையும்விட மீனவர்களுக்கு முக்கியமானது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் இன்ஜின் வேலை செய்வதும் பெரும்பாலும் அப்போதுதான். லாரியின் இன்ஜின் நடுவழியில் நின்றால் இழுத்துவர இன்னொரு லாரி வரும். கரை தெரியாத கடலில் பேரிங் போய் இன்ஜின் நின்றால் படகிலிருக்கும் அத்தனை பேரின் உயிரும் காற்றின் போக்கில் இருக்கிறது. 61 நாள் என்பது ஒரு கிராங்க்கைக் கழுவி, அளந்து, தேவைப்பட்டால் கிரைண்டிங் செய்து, மறுபடி கழுவி மாட்டுவதற்குத் தாராளமான அவகாசம். தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் இன்ஜினை இறக்காமல் முதல் வாரத்திலேயே இறக்கினால், பட்டறைக்கும் நிதானமாக வேலை செய்ய இடம் கிடைக்கும்.

படகோ, லாரியோ, டிராக்டரோ, இன்ஜினை இறக்கக் கொடுக்கும் உரிமையாளர் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய பேரிங் ஓடுகளைக் குறிப்போடு வரிசையாக அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். கிராங்க்கின் எண்ணெய்த் துளைகளில் பிரஷ் விட்டுக் கழுவுவதை, கிரைண்டிங் முடிந்து வந்த பிறகு, முடிந்தால் நேரில் இருந்து பாருங்கள். ஒவ்வொரு ஜர்னலின் அளவையும் நிறுவனம் சொல்லும் வரம்பையும் எழுதிய தாளில் பட்டறையின் கையொப்பத்தோடு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் முன், ஆயில் பம்ப்பில் எண்ணெய் ஏற்றிப் பேரிங் வரை எண்ணெய் வந்துவிட்டதா என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

இவற்றுக்கு ஆகும் கூலியை ரசீதில் தனி வரியாக எழுதச் சொல்லி, அந்த ஒரு வரியில் மட்டும் பேரம் பேசாமல் கொடுங்கள்.